மூட்டுப் பக்கம் வலி என்றால் முதலில் எலும்பை நினையுங்கள்: மதுரை உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், காலையிலும் மாலையிலும் மைதானங்களில் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரில் இயன்முறை சிகிச்சை செய்கிறவன். குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் பிள்ளைகளின் கூட்டம் கூடிவிடும். மணிக்கட்டு வீங்கிப்போய் ஒருத்தி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவன், குதிகாலை ஊன்ற முடியாமல் இன்னொருவன். பெரும்பாலும் இரண்டு மூன்று கை மாறித்தான் வந்து சேர்கிறார்கள். மைதானத்தில் யாரோ ஸ்பிரே அடித்திருப்பார்கள், வீட்டில் அப்பத்தா எண்ணெய் போட்டு நீவியிருப்பார், பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒரு இழு இழுத்திருப்பார். எக்ஸ்ரே மட்டும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

இதைப் பெற்றோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பிள்ளை விழும்போது பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அதைவிட, "பி.டி. சார் சொல்லிட்டார்" என்றால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா சொல்லிக் கேட்காத பையனும் உங்கள் விசிலுக்கு நிற்பான். அந்த அதிகாரம் டாக்டருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். வளரும் பிள்ளைக்கு மூட்டுக்குப் பக்கத்தில் அடிபட்டு வலித்தால், எலும்பில் அடி என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சுளுக்குதான் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். கை, கால்களின் நீண்ட எலும்புகள் அவற்றின் முனைக்கு அருகில் உள்ள ஒரு குருத்தெலும்புத் தட்டில்தான் வளர்கின்றன. வளர்ச்சித் தட்டு என்பார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 13 முதல் 15 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் பெரும்பாலான தட்டுகள் எலும்பாக இறுகி மூடிவிடும். அதுவரைக்கும் அந்த இடத்தில் அதுதான் பலவீனமான பகுதி. மூட்டைப் பிடித்திருக்கும் லிகமென்ட் அதைவிட உறுதியானது. பெரியவர்களுக்குக் கால் பிசகினால் லிகமென்ட் இழுபடும், அது சுளுக்கு. அதே மாதிரி பிசகு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஏற்பட்டால் லிகமென்ட் தாங்கிவிடும், தட்டு விட்டுக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வீக்கம், ஒரே நொண்டல். பிள்ளைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்தத் தட்டைத் தொடுகிறவை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. தட்டு மட்டும் லேசாக விட்டிருந்தால் படம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அதனால்தான் நல்ல எலும்பு மருத்துவர் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், விரலால் அழுத்தி எந்த இடத்தில் வலிக்கிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் மாவுக்கட்டு போட்டு, சில நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்கிறார். "படத்தில ஒண்ணும் இல்லைன்னாங்க, ஆனா கட்டு போட்டுட்டாங்க, காசு பிடுங்கத்தான்" என்று பெற்றோர் உங்களிடம் வந்து புலம்பினால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நன்றாகக் கூடிவிடும். கூடாமல் தட்டு ஒரு பக்கம் மட்டும் மூடிக்கொண்டால் அந்த எலும்பு கோணலாக வளரும், அல்லது மற்ற காலைவிடக் குட்டையாக நின்றுவிடும். அது மறுநாள் தெரியாது, பல மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது அந்தப் பையன் உங்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டான்.

எலும்பின் நடுப்பகுதியிலும் பிள்ளைகளுக்கு வேறு கணக்குத்தான். பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் நார்நாராகப் பிளந்து மறுபக்கம் முறியாமல் வளைந்து நிற்குமே, பிள்ளைகளின் முன்கை எலும்பும் அப்படித்தான் முறியும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு நசுங்கி லேசாகப் புடைத்துக்கொள்வதோடு சரி. இரண்டிலும் கை தொங்காது, விரல்களை அசைக்கவும் முடியும். "விரலை ஆட்டு பார்ப்போம், ஆட்டுறியா, அப்ப முறிவு இல்லை" என்ற சோதனை மைதானங்களில் ரொம்பப் பிரபலம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து முழங்கை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகவும் சாதாரணம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைப் படிக்கட்டும். ஊஞ்சல், சறுக்கு, காம்பவுண்டுச் சுவர், எதிலிருந்து விழுந்தாலும் நடக்கும். முறிந்த எலும்பின் முனைக்கு முன்னாலேயே கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. அந்தக் கையை இழுத்தாலும் நீவினாலும் முனை போய் அதில் குத்தும். வீங்கிவரும் கையின்மேல் மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் உளுந்து மாவும் பூசிய துணியை இறுக்கிக் கட்டினால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். பிறகு அது சுருங்கி, விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் 1881-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். இன்றும் இது நடக்கிறது என்பதுதான் வெட்கம்.

கட்டு கட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு குடும்பம் பெரியாஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் கூலியை விட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்துத் தெருவில் கட்டுபவர் பத்து நிமிடத்தில் முடித்து, ஆறுதலும் சொல்லி அனுப்புகிறார். பெரியவர்களின் சாதாரணச் சுளுக்குக்கு அவர்களிடம் போய்க் குணமானவர்கள் நிறைய. ஆனால் குழந்தையின் முழங்கை அவர்களிடம் போகக் கூடாத இடம். எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், சில்லிட்டிருந்தால், மரத்துப்போனால், விரலை நிமிர்த்திவிடும்போது பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டை உடனே தளர்த்தச் செய்து, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையில் எந்த நேரமும் அவசரச் சிகிச்சை உண்டு. 108-ஐ அழைக்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கை முறிந்த பிள்ளை அழுகிறது என்று வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பாசம்தான். ஆனால் மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டி வந்தால், திட உணவு சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த பன் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும். டாக்டர் பார்க்கும்வரை எதுவும் கொடுக்காதீர்கள்.

விழாமலே வரும் வலிகளுக்கு வருகிறேன். உங்களோடு எனக்கு வாக்குவாதம் வருவது இதில்தான்.

செல்லூர் ரவுண்டானாவில் கபடிக்காரர்களுக்குச் சிலையே வைத்திருக்கிற ஊர் இது. பையன் பள்ளி டீமில் ஆடுகிறான், ஊர் செட்டில் ஆடுகிறான், சனிக்கிழமை ராத்திரி மின்னொளிக் கபடியிலும் ஆடுகிறான். ஹாக்கி ஜூனியர் உலகக் கோப்பை 2025-இன் கடைசியில் சென்னையிலும் நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்ததே, அதைப் பார்த்துவிட்டு மட்டை வாங்கிக் கேட்டு அடம்பிடித்த பிள்ளைகளை நான் அறிவேன். சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்து பி.டி. சாருக்கு அகாடமிப் பயிற்சி தெரியாது, அகாடமிப் பயிற்சியாளருக்கு ஊர் செட் தெரியாது. ஒருவருக்கு ஒருவர் பேசிக்கொள்வதும் இல்லை. மூன்று பேரும் நியாயமான அளவில்தான் வேலை வாங்குகிறார்கள். அந்த மூன்றையும் சுமப்பது ஒரே ஜோடிக் கால்.

முட்டிச் சில்லுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் முன்பக்கம் ஒரு புடைப்பு. தொட்டால் உயிர்போகும், படியேறினால் வலிக்கும், குதித்தால் வலிக்கும், மண்டி போடவே முடியாது. தொடையின் முன் தசை தன் நாரால் இழுக்கிற இடத்தில், இன்னும் இறுகாத எலும்பு திரும்பத் திரும்ப இழுபட்டு வரும் வலி அது. பத்து முதல் பதினைந்து வயதுக்குள், உயரம் மளமளவென்று ஏறும் மாதங்களில் வரும். 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும் சூரிச்சில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியாக எழுதியதால் இருவர் பெயரையும் சேர்த்தே அதற்கு வைத்துவிட்டார்கள். குதிகாலில் வருவது இதற்குத் தம்பி. குதிகாலின் பின்பக்கத்தை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் பிள்ளை காலை உருவிக்கொள்ளும். எட்டு வயதிலிருந்தே வரும். காய்ந்து இறுகிய மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிறேன். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடித்தான் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார் என்று சொல்லிப் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் ஓடவிடுகிறவர்கள் உண்டு. அவர் ஷூ வாங்க வசதியில்லாமல் ஓடினார். அதைப் பயிற்சி முறை என்று எடுத்துக்கொள்வது அவருக்கு மரியாதை இல்லை.

இந்த இரண்டு வலியும் வளர்ச்சி முடிந்தால் தானாக ஓய்ந்துவிடும். முட்டிக்குக் கீழே உள்ள புடைப்பு மட்டும் சிலருக்குக் கடைசிவரை இருக்கும், அதனால் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் சில வாரம் குறைத்து, வலி தாங்கும் அளவுக்குள் ஆடவிட்டு, தொடைத் தசையையும் கெண்டைக்கால் தசையையும் மெதுவாக நீட்டிப் பழக்கினால் போதும். வலிக்குது என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்து "நடிக்காதடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம் மண்டி போட வைக்கும் தண்டனை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், இந்த முட்டி வலி இருக்கிற பிள்ளையை மண்டி போட வைப்பதும் தவளைத் தாவல் தாவ வைப்பதும் புண்ணைக் குத்துவதற்குச் சமம். அவன் உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

நூறு மீட்டர் ஓடும்போது நடுவில் இடுப்பையோ பிட்டத்தையோ பிடித்துக்கொண்டு நிற்கும் பதினைந்து வயதுப் பையனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "படக்னு ஒரு சத்தம் வந்துச்சு சார்" என்பான். சதை பிடித்துக்கொண்டது என்று காலை நீட்டி இழுத்துவிடுவோம். அந்த வயதில் பல நேரம் சதை கிழிவதில்லை. தசை ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். இழுத்துவிட்டால் இன்னும் விலகும். ஊன்றுகோலோ இரண்டு தோளோ கொடுத்து எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

கொஞ்சம் குண்டான பிள்ளை, பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், பல வாரமாக முட்டி வலி என்று சொல்லி நொண்டுகிறது, நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது. கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் வழுக்கி நகர்ந்துகொண்டிருக்கும், வலி மட்டும் முட்டியில் தெரியும். "உடம்பு இளைக்கட்டும், இன்னும் நாலு ரவுண்டு ஓடு" என்று நாம் அனுப்புவது இந்தப் பிள்ளையைத்தான். ஒரு நாள் தடுக்கி விழுந்தால் தலை முழுக்க நழுவி, ரத்த ஓட்டம் நின்று, மூட்டே கெட்டுவிடக்கூடும். சந்தேகம் வந்த நிமிடமே அந்தப் பிள்ளையை நடக்கவிடாமல் உட்காரவைத்து, வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், "இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லுங்க" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாழ்நாளில் ஒரு பிள்ளையை இப்படி அனுப்பினாலும் அது பெரிய காரியம்.

கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேகமாகப் பந்து போடும் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனுக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கம் வலித்து, பின்னால் வளைந்தால் அது கூடுகிறது என்றால், முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். மாதக்கணக்கில் பந்து போடாமல் இருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். ஸ்பிரே அடித்து இன்னும் இரண்டு மேட்ச் ஆடவிட்டால் ஆறாது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து போடும் பிள்ளைகளுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்டவருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து போடும்போது, ஐந்து ஓவர், ஒரு நாளில் பத்து. நம்மூர் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்டில் காலை லீக்கும் மாலை பைனலும் ஒரே பையன் போடுகிறான். வலைப் பயிற்சியில் போட்டதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதற்கெல்லாம் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. டீமில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் எங்கெங்கே, எத்தனை மணி நேரம் ஆடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மொத்த மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு கைக்கணக்கு. பன்னிரண்டு வயதென்றால் வாரம் பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. உயரம், எடையை எப்படியும் அளக்கிறீர்கள், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் யார் கிடுகிடுவென்று வளர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் பன்னிரண்டை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் வேகமாக வளர்வார்கள். எலும்பு நீளும் வேகத்துக்கு அதன் உறுதி ஈடுகொடுக்காத அந்த மாதங்களில்தான் முன்கை முறிவுகள் அதிகம். அவர்களுக்குக் கொஞ்ச நாள் தாவலைக் குறையுங்கள்.

சாப்பாடு பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் சிம்மக்கல் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது, ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆறு மணிப் பயிற்சிக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வெறும் டீயோடு வருகிறது. பயிற்சி முடிந்ததும் கேழ்வரகுக் கூழோ, சுண்டலோ, பாலோ கிடைக்க ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள். நீண்ட தூரம் ஓடும் பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோய், முன்னங்காலில் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். இதை நானோ ஆண் பயிற்சியாளரோ கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். டீச்சர் யாராவது கேட்க வேண்டும்.

ராத்திரியில் கால் குடைகிறது என்று சின்னப் பிள்ளைகள் அழுவது வேறு. இரண்டு காலிலும் சதையில் வலித்து, காலையில் எழுந்ததும் ஓடி விளையாடினால் பயமில்லை. ஒரே காலில் தொடர்ந்து வலி, காலையிலும் நொண்டல், காய்ச்சல், வீக்கம், உடல் இளைப்பு, இதில் எது சேர்ந்தாலும் டாக்டர்தான்.

அடிபட்ட உடனே என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆட்டத்தை நிறுத்துங்கள். கை எப்படி இருக்கிறதோ அப்படியே அசையாமல் வைத்து, மர ஸ்கேலோ மடித்த செய்தித்தாளோ அணைகொடுத்து, துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள், நேராகத் தோலில் வைக்காதீர்கள். பள்ளி வாசல் சர்பத் கடையில் ஐஸ் இல்லாத நாள் உண்டா என்ன. முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், நீவுதல் எதுவும் வேண்டாம். ஸ்பிரே வலியைக் கொஞ்சம் மரத்துப்போக வைக்குமே தவிர எதையும் குணமாக்காது. அதை அடித்துவிட்டு மறுபடி ஆட இறக்குவதுதான் அதில் உள்ள ஆபத்து.

உங்கள் நெருக்கடியும் தெரியும். மாவட்டத்துக்குத் தகுதி பெற வேண்டும், தலைமையாசிரியர் கேட்பார், நல்ல ரெய்டர் ஒருவன்தான் இருப்பான். வருஷம் முழுக்க பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, விளையாட்டு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பிள்ளைகளை ஓடவைக்கச் சொல்வதும் உங்களைத்தான். அந்தப் பீரியடைத் திரும்பக் கேளுங்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரே வாரத்தில் ஓடவிடுவதில் வரும் அடிகள் கொஞ்சமல்ல. அடிபட்ட பிள்ளை எப்போது மறுபடி இறங்கலாம் என்பதை டாக்டரின் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேட்ச் தேதியை அதில் கலக்காதீர்கள்.

இந்த வருடக் குறுவட்டப் போட்டிக்கு முன்னால் உங்கள் ஒன்றியத்தில் பி.டி. ஆசிரியர் கூட்டம் நடந்தால் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வாடிப்பட்டியோ திருமங்கலமோ, என் செலவில் வருகிறேன். அணை வைத்துக் கட்டுவதையும் தூளி போடுவதையும் ஒவ்வொருவரையும் செய்யவைத்துக் காட்டுகிறேன். ஆளுக்கு ஒரு மர ஸ்கேலும் ஒரு பழைய துப்பட்டாவும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் இயன்முறை சிகிச்சையாளர்